ஆவணமில்லாதவர்களின் ஜெயில் செலவு: கவுன்டிகளுக்கு வாஷிங்டன் தருவது எவ்வளவு, ஏன்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் ஆவணமில்லாத குடியேறி ஒருவரை உள்ளூர் ஜெயிலில் அடைத்தால் தலைக்கு இவ்வளவு என்று மத்திய அரசு கவுன்டிக்குப் பணம் கொடுக்கிறதாமே? அப்படியானால் ஷெரிஃபுகள் காசுக்காகத்தான் ஆட்களைப் பிடிக்கிறார்களா? அந்தப் பணம் எங்கே போகிறது?"

கவுன்டி என்றால் மாநிலத்துக்குள் இருக்கும், நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு. ஷெரிஃப் அதன் காவலுக்கும் ஜெயிலுக்கும் பொறுப்பானவர். நீங்கள் கேட்டதில் இரண்டு வெவ்வேறு பணங்கள் கலந்துகிடக்கின்றன. ஒன்று, மாநிலச் சட்டப்படி குற்றம் செய்து தண்டனை பெற்ற ஆவணமில்லாதவரை ஜெயிலில் வைத்திருந்த செலவுக்காக, காலம் கடந்து, அரைகுறையாக வரும் ஈட்டுத்தொகை. இதில் எந்தக் கவுன்டிக்கும் லாபம் கிடையாது. நஷ்டம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இன்னொன்று, குடியேற்ற அமலாக்கத் துறையான ஐஸ், தான் பிடித்தவர்களை வைக்க கவுன்டி ஜெயிலில் இடம் எடுத்துக்கொண்டு தரும் பணம். காசுக்காக ஆசைப்படும் கதை எங்காவது உண்மை என்றால் இந்த இரண்டாவதிலும், கடைசியில் சொல்லப்போகும் 2025-இன் புதிய ஏற்பாட்டிலும்தான். நான் ஒரு கவுன்டியின் பட்ஜெட் பிரிவில் வேலை பார்த்தவன். முதல் வகைப் பணத்துக்கான விண்ணப்பம் என் மேஜை வழியாகப் போனதுண்டு. அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

அந்த ஈட்டுத்தொகைத் திட்டத்தை அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளை (SCAAP) வைத்து எல்லோரும் ஸ்காப் என்று சுருக்கிச் சொல்வார்கள். மத்திய அரசின் நீதித்துறையின் (நீதிமன்றங்கள் அல்ல, அமைச்சகம்) கீழ் இயங்கும் நீதி உதவிப் பிரிவு இதை நடத்துகிறது. இதன் வேர் 1980-க்குப் போகிறது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் ஃபுளோரிடா கரைக்கு வந்தார்கள். அவர்களில் பிறகு குற்றம் செய்து சிறைக்குப் போனவர்களைக் கியூபா திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. செலவு மாநிலங்களின் தலையில் விழுந்தது. 1986-இல் ரீகன் கையெழுத்திட்ட குடியேற்றச் சீர்திருத்தச் சட்டத்தின் 501-ஆம் பிரிவு, ஆவணமில்லாதவர்களையும் இந்தக் கியூபர்களையும் சிறையில் வைக்கும் செலவை மத்திய அரசு மாநிலங்களுக்குத் திருப்பித் தரும் என்றது. சட்டம் வந்தது, பணம் வரவில்லை. எட்டு ஆண்டுகள் இதற்கென ஒரு டாலர் கூட ஒதுக்கப்படவில்லை.

1994 தேர்தல் ஆண்டு. கலிபோர்னியாவில் ஆளுநர் பீட் வில்சன் மறுதேர்தலுக்கு நின்றார். ஆவணமில்லாதவர்களுக்கு அரசுச் சேவைகளை நிறுத்தும் 187-ஆம் முன்மொழிவு அதே வாக்குச்சீட்டில் இருந்தது. ஃபுளோரிடா ஆளுநர் லாட்டன் சைல்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர், வில்சன் குடியரசுக் கட்சிக்காரர். ஆனால் இருவரும் செய்தது ஒன்றையே: மத்திய அரசு எல்லையைக் காக்கத் தவறியது, அதனால் எங்களுக்கு ஆன செலவைக் கொடு என்று வழக்குப் போட்டார்கள். அரிசோனா, டெக்சாஸ், நியூ ஜெர்சி ஆகியவையும் வழக்குத் தொடுத்தன. நியூ யார்க்கிலிருந்தும் ஒரு வழக்கு போனது.

வழக்குகள் எல்லாம் தோற்றன. 1995 முதல் 1997 வரை மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றைத் தள்ளுபடி செய்தன. மாநிலங்களை அந்நியப் படையெடுப்பிலிருந்து காப்பது மத்திய அரசின் கடமை என்று அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. குடியேறிகள் வருவதும் படையெடுப்பே என்று மாநிலங்கள் வாதாடின. ஆயுதமேந்திய பகைவர் நுழைவதுதான் படையெடுப்பு, இது அதுவல்ல என்றார்கள் நீதிபதிகள். மற்றபடி குடியேற்றத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்பது காங்கிரஸும் (அமெரிக்க நாடாளுமன்றம்) அதிபரும் முடிவு செய்ய வேண்டிய அரசியல் விஷயம், நீதிமன்றம் அதில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்புகள் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவு என்ன? பணம் கேட்கும் உரிமை நீதிமன்றத்தில் கிடையாது, காங்கிரஸின் தயவில்தான் கிடைக்கும் என்று ஆகிவிட்டது. முப்பது ஆண்டுகளாக நடப்பது அதுதான்.

வழக்குகள் நடந்துகொண்டிருக்கும்போதே காங்கிரஸ் கொஞ்சம் இறங்கிவந்தது. 1994 செப்டம்பர் 13 அன்று கிளின்டன் கையெழுத்திட்ட பெரிய குற்றத்தடுப்புச் சட்டத்தில் இந்த ஈட்டுத்தொகைக்குத் தனிப் பிரிவு சேர்ந்தது. 1995 நிதியாண்டுக்கு 13 கோடி டாலர். அடுத்த ஆண்டே 50 கோடி. தொண்ணூறுகளின் கடைசியில் 58.5 கோடி வரை ஏறியது. அதுதான் உச்சம். 2003-இல் 25 கோடிக்கு வெட்டினார்கள். பிறகு 40 கோடி அளவுக்கு ஏறி, மறுபடி இறங்கி, 2022 முதல் சில ஆண்டுகள் 23.4 கோடியில் நின்றது. 2005-இல் நிறைவேறிய ஒரு சட்டம், 2008 முதல் ஆண்டுக்கு 95 கோடி வரை தரலாம் என்று அனுமதித்திருந்தது. அந்த அளவுக்கு ஒரு தடவை கூட ஒதுக்கியதில்லை. அனுமதிப்பது வேறு, ஒதுக்குவது வேறு. பட்ஜெட் வேலை பார்த்தவர்களுக்கு இது பழகிய ஏமாற்றம், ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "சட்டம்தான் இருக்கிறதே, பணம் வந்திருக்குமே" என்று நினைத்துக்கொள்வார்கள்.

சரி, யாருடைய செலவுக்குப் பணம்? இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆவணம் இல்லை என்பதற்காக ஒருவரைப் பிடித்து வைத்தால் இந்தத் திட்டத்தில் ஒரு பைசா வராது. அந்த நபர் ஒரு பெருங்குற்றத்திலோ, இரண்டு சிறுகுற்றங்களிலோ தண்டனை பெற்றிருக்க வேண்டும். தொடர்ந்து நான்கு நாட்களாவது அந்த ஜெயிலில் இருந்திருக்க வேண்டும். அத்துடன் குடியேற்ற நிலையில் மூன்றில் ஒன்று பொருந்த வேண்டும்: சோதனைச் சாவடி வழியாக வராமல் நாட்டுக்குள் நுழைந்தவர், கைதாகும்போதே நாடுகடத்தல் வழக்கில் இருந்தவர், அல்லது தற்காலிக விசாவில் வந்து கைதாகும் நேரத்தில் அந்த நிலையை இழந்திருந்தவர். கடைசி வகையைத் தமிழர்கள் கவனிக்க வேண்டும். எல்லையைத் தாண்டி வந்தவர்களைப் பற்றி மட்டுமே இந்தச் சட்டம் பேசுகிறது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ வந்து, காலம் முடிந்த பிறகும் தங்கி, அப்புறம் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற வழக்குகளில் இரண்டு முறை தண்டனை பெற்றவரும் இந்தக் கணக்கில் வருவார். கிரீன் கார்டு உள்ளவர் பொதுவாக வரமாட்டார்.

விசாரணைக் கைதிகள் என்ன ஆவார்கள்? கவுன்டி ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பான்மையினர் தீர்ப்புக்காகக் காத்திருப்பவர்கள். கடைசியில் தண்டனை கிடைத்தால் காத்திருந்த நாட்களையும் கணக்கில் சேர்க்கலாம். வழக்கு தள்ளுபடியானாலோ விடுதலையானாலோ, எத்தனை மாதம் உள்ளே வைத்துச் சோறு போட்டிருந்தாலும் ஈடு கிடையாது. "தண்டனை பெற்றவர்" என்பதோடு "குற்றம் சாட்டப்பட்டவர்" என்பதையும் சேர்க்கச் சொல்லி மசோதாக்கள் வந்தன. எதுவும் சட்டமாகவில்லை. இந்தத் திருத்தம் வராததில் எனக்கு வருத்தமில்லை. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை உள்ளே வைத்திருந்ததற்குப் பணம் என்று ஆரம்பித்தால், நீங்கள் கேள்வியில் பயப்படுகிற அந்த ஆசைக்கு உண்மையிலேயே கதவு திறந்துவிடும்.

இப்போது கணக்கு. மத்தியச் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தால், அந்த மாநிலத்தில் ஒரு கைதியை வைத்திருக்க ஆகும் சராசரிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. பணத்துக்குப் பதிலாக, அந்தக் கைதியையே மத்திய அரசு தன் காவலில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. படிக்க நன்றாக இருக்கும். நடைமுறை வேறு. சிறைக்காவலர்களின் சம்பளம் மட்டும்தான் கணக்கில் எடுக்கப்படும். சாப்பாடு, மருந்து, மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் செலவு, கட்டடப் பராமரிப்பு, மின்சாரம், இவை எதுவும் கிடையாது. கவுன்டி ஜெயில் நிர்வாகிகளிடம் பேசிப் பாருங்கள், அவர்கள் முதலில் புலம்புவது மருத்துவச் செலவைப் பற்றித்தான்.

ஒரு கற்பனைக் கவுன்டியை வைத்துப் பார்ப்போம். எண்கள் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. ஓராண்டில் காவலர் சம்பளம் ஒரு கோடி டாலர். அந்த ஆண்டு எல்லாக் கைதிகளும் சேர்ந்து ஜெயிலில் கழித்த நாட்கள் 2 லட்சம். வகுத்தால் ஒரு நாளைக்கு 50 டாலர். அதே ஜெயிலில் சாப்பாடு, மருந்து எல்லாம் சேர்த்த உண்மைச் செலவு நாளொன்றுக்கு 150 டாலர் என்று வையுங்கள். தகுதி பெற்ற ஆவணமில்லாத கைதிகள் கழித்த நாட்கள் 4,000. கவுன்டிக்கு உண்மையில் ஆனது 6 லட்சம் டாலர். திட்டத்தின் கணக்கில் அது 2 லட்சம்தான். அதையும் முழுசாகத் தரமாட்டார்கள். நாடு முழுவதிலிருந்தும் வந்த கோரிக்கைகளைக் கூட்டி, காங்கிரஸ் ஒதுக்கிய தொகையை அந்த விகிதத்தில் பிரிப்பார்கள். ஒதுக்கீடு மொத்தக் கோரிக்கையில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் கையில் வருவது 40,000 டாலர். ஆறு லட்சம் செலவுக்கு நாற்பதாயிரம்.

ஷெரிஃப் காசுக்காக ஆள் பிடிக்கிறாரா என்ற கேள்விக்கு இந்தக் கணக்கே பதில். 150 டாலர் செலவழித்து 10 டாலர் வாங்க யாரும் ஆள் பிடிக்க மாட்டார்கள். இன்னொன்றும் இருக்கிறது. பானையில் உள்ள சோறு இவ்வளவுதான் என்று அளந்து வைத்துவிட்டார்கள். பந்தியில் ஆள் கூடினால் ஒவ்வொரு இலைக்கும் விழுவது குறையும். எல்லாக் கவுன்டிகளும் போட்டி போட்டுக்கொண்டு அதிகம் பேரைக் கணக்கில் காட்டினால், ஒரு நாளைக்குக் கிடைக்கும் தொகை எல்லோருக்கும் சேர்ந்து இறங்கும்.

விண்ணப்பமும் எளிதல்ல. முந்தைய ஜூலை முதல் ஜூன் வரையிலான ஓராண்டுக்கு, வெளிநாட்டில் பிறந்தவர்கள் என்று கவுன்டி நம்பும் கைதிகளின் பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, குடியேற்றக் கோப்பு எண் தெரிந்தால் அதுவும், உள்ளே வந்த நாள், வெளியே போன நாள் ஆகியவற்றைத் தொகுத்து அனுப்ப வேண்டும். நீதித்துறை அந்தப் பட்டியலை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் தரும். அங்கே தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பெயரையும் தகுதி உள்ளவர், தகுதி இல்லாதவர், தெரியாதவர் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். இந்தத் "தெரியாதவர்" வகையில்தான் பல ஆண்டுகளாகச் சண்டை. ஒருவர் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி வந்து, அதற்கு முன் அதிகாரிகள் யார் கண்ணிலும் படவில்லை என்றால் தரவுத்தளத்தில் அவரைப் பற்றி எதுவுமே இருக்காது. அதாவது ஆவணமே இல்லாதவர் என்பதால்தான் அவர் தெரியாதவர். அதனால் இந்த வகைக்கு முன்பெல்லாம் ஒரு சதவீதம் வைத்துப் பணம் தந்தார்கள். கவுன்டிகளுக்கு 80, மாநிலங்களுக்கு 65, நகரங்களுக்கு 60. 2012-இல் நீதித்துறை இதை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது இரு கட்சி எம்.பி.க்களும் கொதித்தார்கள். பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள்.

இந்த வேலையைச் செய்துதர ஆலோசனை நிறுவனங்களும் இருக்கின்றன. வரும் தொகையில் ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்வார்கள். சின்னக் கவுன்டிகளுக்குத் தரவைத் தொகுக்க ஆளில்லாததால் வேறு வழி தெரிவதில்லை. ஏற்கெனவே சுருங்கி வரும் பணத்தில் இது இன்னொரு கழிவு. வரி கட்டுபவர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்பதால் சொல்கிறேன்.

பணம் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். ஆரம்பத்தில் கட்டுப்பாடே கிடையாது. பல இடங்களில் பொது நிதியில் போட்டுச் சாலைக்கும் பூங்காவுக்கும் செலவழித்தார்கள் என்ற விமர்சனம் உண்டு. 2005-இல் நிறைவேறிய அந்தச் சட்டம்தான், சிறை சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டுமே செலவழிக்க வேண்டும் என்றது. காவலர் சம்பளம், ஓவர்டைம், பயிற்சி, கட்டட வேலை, கைதிகளின் மருத்துவமும் மனநல சிகிச்சையும், இவற்றுக்கெல்லாம் போடலாம். யாருக்கு அதிகம் போகிறது என்றால், எப்போதும் கலிபோர்னியாவுக்குத்தான் பெரிய பங்கு. நியூ யார்க், டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா எல்லாம் அதற்குப் பின்னால். 2005 நிதியாண்டில் 752 அரசுகளுக்கு 28.7 கோடி டாலர் பிரித்துக் கொடுத்தார்கள். பட்டியல் நீளமாக இருந்தாலும் பணத்தில் பெரும்பகுதி தலைப்பக்கம் இருக்கும் பத்துப் பெயர்களோடு முடிந்துவிடுகிறது. பல சின்னக் கவுன்டிகளுக்கு வருவது ஒரு காவலரின் ஆண்டுச் சம்பளத்துக்குக் கூட எட்டாத தொகைகள்.

பற்றாக்குறை எவ்வளவு என்பதற்கு காங்கிரஸின் தணிக்கை அமைப்பு 2005-இல் தந்த கணக்கு ஒன்று உண்டு. அதிகம் பேரைச் சிறையில் வைத்திருந்த ஐந்து மாநிலங்களில் நான்கு, 2002, 2003 இரண்டு ஆண்டுகளில் சுமார் 160 கோடி டாலர் செலவழித்தன. திரும்பி வந்தது சுமார் 23.3 கோடி. ஏழில் ஒரு பங்கு. அதே அமைப்பின் 2011 அறிக்கைப்படி இந்தத் திட்டத்தின் கணக்கில் வந்த சிறைவாசங்கள் 2003-இல் சுமார் 2,20,000, 2009-இல் சுமார் 2,96,000. ஒரே ஆள் இரண்டு முறை உள்ளே போனால் இரண்டாக எண்ணப்படும் என்பதை நினைவில் வையுங்கள். மேடைகளில் இந்த எண்ணை ஆட்களின் எண்ணிக்கையாகச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், அது தவறு. அந்த அறிக்கைக்குப் பிறகு ஒதுக்கீடு 27 கோடிக்கும் 24 கோடிக்கும் இறங்கியது. சிறைச் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. கலிபோர்னியாவில் ஒரு கைதிக்கான மாநிலச் சிறைச் செலவு ஆண்டுக்கு 1,30,000 டாலரைத் தாண்டிவிட்டது.

வெள்ளை மாளிகையில் இருந்தவர்கள், கட்சி வேறுபாடில்லாமல், பல முறை இந்தத் திட்டத்தை மூடப் பார்த்திருக்கிறார்கள். புஷ், ஒபாமா, டிரம்ப் மூவரின் பட்ஜெட்டுகளும் வெவ்வேறு ஆண்டுகளில் இதற்குப் பூஜ்ஜியம் போட்டன. மாநிலக் கஜானாவில் போய்க் கலக்கும் பணம், குற்றத்தைக் குறைப்பதற்கு எந்தப் பயனும் காட்டவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் கொஞ்சம் திருப்பி வைத்துவிடும். கலிபோர்னியாவுக்கும் டெக்சாஸுக்கும் நியூ யார்க்குக்கும் உள்ள எம்.பி.க்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் காரணம் புரியும்.

ஜேனட் நபோலிடானோவின் கதை இதை நன்றாகக் காட்டுகிறது. அரிசோனா ஆளுநராக இருந்த அவர் 2005-இல், எங்களுக்கு வர வேண்டிய பாக்கி என்று மத்திய அட்டர்னி ஜெனரலுக்கு 11.8 கோடி டாலருக்கு ஒரு பில்லையே அனுப்பினார். பில்லுக்குப் பணம் வரவில்லை. 2009-இல் அவரே உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். அவர் அங்கம் வகித்த அரசின் முதல் பட்ஜெட்டே இந்த ஈட்டுத்தொகையை ஒழிக்கச் சொன்னது. நான் இதை அவர் மீதான குறையாகச் சொல்லவில்லை. ஆளுநர் நாற்காலியிலிருந்து பார்த்தால் இது பாக்கி, வாஷிங்டனிலிருந்து பார்த்தால் வெட்டக்கூடிய ஒரு வரி. எந்தக் கட்சி என்பதைவிட எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. குடியேற்றம் முதன்மையாக மத்திய அரசின் அதிகாரம், அதற்கு முரணாக மாநிலங்கள் சட்டம் போட முடியாது என்பதை 2012-இல் அரிசோனா வழக்கில் உச்ச நீதிமன்றமே மறுபடி வலியுறுத்தியது. அதிகாரம் முழுக்க எனக்கு, செலவு உனக்கு என்று சொல்வது நியாயமில்லை. "திருட்டுக்கும் அடிதடிக்கும் தண்டனை கொடுப்பது மாநிலத்தின் வேலைதானே, யார் செய்தால் என்ன" என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆவணமில்லாதவர்களும் விற்பனை வரி கட்டுகிறார்கள், வீட்டு வாடகை வழியாகச் சொத்து வரியும் கட்டுகிறார்கள். ஆனால் காங்கிரஸே 1986-லும் 1994-லும் "இது எங்கள் பொறுப்பு" என்று சட்டத்தில் எழுதிவிட்டது. எழுதியதை நீக்கட்டும், இல்லையென்றால் கொடுக்கட்டும். இரண்டும் செய்யாமல் ஏழில் ஒரு பங்கைக் கொடுத்துக்கொண்டிருப்பதால் நடக்கும் கெடுதல் எனக்கு நேரடியாகத் தெரியும். ஒவ்வொரு பட்ஜெட் கூட்டத்திலும் ஜெயில் செலவைப் பற்றிப் பேச்சு வரும்போது யாராவது எழுந்து "இவர்களால்தான் நமக்கு இந்த நிலை" என்று குடியேறிகளைக் கை காட்டுவார்கள். பாக்கி வைத்திருப்பது வாஷிங்டன். பழி விழுவது, வயலிலும் சமையற்கூடத்திலும் உழைத்துக்கொண்டிருக்கும், ஜெயில் வாசலையே மிதிக்காத பெரும்பான்மை மேல். டெக்சாஸ் மாநிலக் கைதுத் தரவுகளை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வு, ஆவணமில்லாதவர்கள் பெருங்குற்றங்களுக்குக் கைதாகும் விகிதம் அமெரிக்காவில் பிறந்த குடிமக்களின் விகிதத்தைவிடக் குறைவு என்று காட்டியது. இதைக் கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை.

இனி அந்த இரண்டாவது பணம். ஐஸ் தன் குடியேற்ற வழக்குக் கைதிகளை வைக்கத் தனியார் சிறைகளோடு, கவுன்டி ஜெயில்களோடும் ஒப்பந்தம் போடுகிறது. ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று பேசிவைத்த தொகை. இது ஈட்டுத்தொகை கிடையாது, சேவைக்கான விலை, முழுசாக வரும். ஜெயிலில் காலிப் படுக்கைகள் இருந்தால் கவுன்டிக்கு இதில் நல்ல வருமானம். நியூ ஜெர்சியின் எசெக்ஸ், ஹட்சன், பெர்கன் கவுன்டிகள் பல ஆண்டுகள் இப்படிச் சம்பாதித்தன. நாளொன்றுக்கு ஓர் ஆளுக்கு 100 டாலருக்கு மேல். மூன்றும் ஜனநாயகக் கட்சி செல்வாக்குள்ள கவுன்டிகள் என்பதால் உள்ளூரிலேயே எதிர்ப்பு வலுத்தது. 2021-இல் மூன்று கவுன்டிகளிலிருந்தும் ஐஸ் கைதிகளை அகற்றினார்கள். இங்கே இருக்கும் ஆட்கள் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெற்றிருக்க வேண்டியதில்லை. தங்கும் உரிமை குறித்த சிவில் வழக்குதான் அவர்கள்மேல் இருக்கும். அவர்களை வைத்து பட்ஜெட் ஓட்டையை அடைப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உள்ளூர் வழக்கில் விடுதலையாக வேண்டியவரை இன்னும் 48 மணி நேரம் பிடித்து வையுங்கள் என்று ஐஸ் அனுப்பும் கோரிக்கை. இதற்குப் பணம் கிடையாது. பொறுப்பு மட்டும் உண்டு. 2014-இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. இது வெறும் வேண்டுகோள், கட்டளை அல்ல என்று ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆரிகனின் கிளாக்கமஸ் கவுன்டி வழக்கில், தக்க காரணமில்லாமல் அப்படி வைத்திருந்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பானது. அதாவது வாஷிங்டன் கேட்டதைச் செய்துவிட்டு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியது கவுன்டி. நிறைய ஷெரிஃபுகள் இந்தக் கோரிக்கைகளை மறுக்கத் தொடங்கியதற்கு அரசியல் மட்டும் காரணமல்ல, அவர்களின் வழக்கறிஞர்கள் சொன்ன இந்தக் கணக்கும் காரணம்.

இப்படி மறுக்கும் ஊர்களைத்தான் "சரணாலய" ஊர்கள் என்கிறார்கள். 2017 ஜனவரி 25 அன்று டிரம்ப் அவற்றுக்கு மத்திய நிதியை நிறுத்த உத்தரவு போட்டார். சான் பிரான்சிஸ்கோவும் சான்டா கிளாரா கவுன்டியும் வழக்குப் போட்டன. அரசு வழக்கறிஞர்கள், எல்லா நிதியையும் அல்ல, மூன்று திட்டங்களை மட்டும்தான் இந்த உத்தரவு தொடும் என்று வாதாடினார்கள். அந்த மூன்றில் ஒன்று ஸ்காப். நீதிபதி வில்லியம் ஆரிக் ஏற்கவில்லை, தடை விதித்தார். 2025-இல் அதே போன்ற உத்தரவுகள் மறுபடி வந்தபோது அவரே மறுபடி தடை விதித்தார். குடியேறிகளைச் சிறையில் வைத்த செலவுக்கான பணத்தையே, குடியேறிகளைப் பிடித்துக் கொடுக்காததற்குத் தண்டனையாக நிறுத்தப் பார்த்தார்கள். வேறொரு தயக்கமும் சில ஊர்களுக்கு உண்டு. இந்தப் பணத்துக்கு விண்ணப்பித்தால் வெளிநாட்டில் பிறந்த கைதிகளின் பட்டியலை மத்திய அரசிடம் தாமாகவே ஒப்படைக்க வேண்டும். சில ஆயிரம் டாலருக்காக அதைச் செய்யத்தான் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

2025-க்குப் பிறகு பணத்தின் திசை மாறியிருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 4 அன்று கையெழுத்தான பெரிய பட்ஜெட் சட்டம், மாநிலங்களின் எல்லைப் பாதுகாப்புச் செலவுக்கு 1,000 கோடி டாலரும், குற்றம் செய்த ஆவணமில்லாதவர்களைத் தேடிப் பிடிப்பது, வழக்கு நடத்துவது, தற்காலிகமாகச் சிறையில் வைப்பது போன்றவற்றுக்கு 350 கோடியும் ஒதுக்கியது. டெக்சாஸ் ஆளுநர் கிரெக் அபட் தன் மாநிலம் எல்லையில் செலவழித்த 1,100 கோடிக்கும் மேலான தொகையைத் திருப்பிக் கேட்டிருந்ததுதான் இதற்குப் பின்னணி. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், ஐஸுடன் 287-ஜி ஒப்பந்தம் (உள்ளூர் அதிகாரிகளே குடியேற்ற அமலாக்க வேலையைச் செய்ய அனுமதிப்பது) செய்துகொண்ட உள்ளூர்க் காவல் அமைப்புகளில் பயிற்சி பெற்ற அதிகாரிகளின் சம்பளத்தையும் சலுகைகளையும் மத்திய அரசே தருவதாக அறிவித்தது. அதோடு செயல்பாட்டைப் பொறுத்து ஊக்கத்தொகையும் உண்டு. ஷெரிஃபுகள் காசுக்காகப் பிடிக்கிறார்களா என்ற உங்கள் சந்தேகம் பழைய ஈட்டுத்தொகைக்குப் பொருந்தாது, ஆனால் இந்தப் புதிய ஏற்பாட்டுக்குப் பொருந்துகிறது. நடந்து முடிந்த சிறைவாசத்துக்குப் பணம் தருவது ஒன்று, இனிமேல் எத்தனை பேரைப் பிடிக்கிறாய் என்று பார்த்துப் பணம் தருவது முற்றிலும் வேறு. என் கவலை எல்லாம் இந்தப் புதிய ஏற்பாட்டைப் பற்றித்தான்.

நீங்கள் அமெரிக்காவில் வசிக்கிறீர்கள் என்றால் உங்கள் கவுன்டியின் நிலைமையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஸ்காப் பணம் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை நீதி உதவிப் பிரிவு வெளியிடுகிறது. கவுன்டி பட்ஜெட்டில் ஷெரிஃப் துறையின் வருவாய்ப் பகுதியைத் திறந்தால், மத்திய மானியம் என்ற தலைப்பில் இந்தத் தொகையும், ஒப்பந்த வருவாய் என்ற தலைப்பில் ஐஸ் தரும் படுக்கைப் பணமும் பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். 287-ஜி ஒப்பந்தம் செய்துகொண்ட அமைப்புகளின் பட்டியலை ஐஸ் தன் தளத்தில் வைத்திருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்ஜெட் விசாரணைக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை, குடிமகனாக இல்லாவிட்டாலும் எழுந்து கேள்வி கேட்கலாம்.